சிறையிலிருந்து மனநல வார்டுக்கு: முதலில் கேட்க வேண்டியது அந்த உத்தரவை

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற ஒரு பையன். வழித்தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்துவிட்டான். வழக்கு, ரிமாண்ட், நாகர்கோவில் மாவட்டச் சிறை. உள்ளே போன சில வாரங்களில் தூக்கம் போய்விட்டது. சோற்றில் என்னவோ கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். சுவரைப் பார்த்துப் பேசுகிறான். அம்மை மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்க, வருகிறாள். வாசலிலேயே, “அவன் இங்க இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு” என்கிறார்கள்.

“எந்த ஆஸ்பத்திரி சாரே? எப்ப திரும்பக் கொண்டு வருவிய?”

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவைதான். ஆனால் சட்டம் தெரிந்தவர்கள் இவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்பார்கள்: யாருடைய உத்தரவில் அனுப்பினீர்கள்? சிறை டாக்டரின் பரிந்துரையா, மாஜிஸ்திரேட்டின் உத்தரவா, அரசின் ஆணையா? அவன் எங்கே இருப்பான், எத்தனை நாள் இருப்பான், யார் சொன்னால் திரும்புவான் என்பதெல்லாம் அந்த ஒரு தாளைப் பொறுத்தது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்ட கைதி அங்கேயும் கைதிதான்; வழிக்காவல் போலீஸ் கூடவே இருக்கும், நினைத்தபோது வீட்டுக்குப் போக முடியாது. கூடவே அவர் நோயாளியும் ஆகிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குக் கொடுக்கும் உரிமைகளில் ‘கைதிகள் நீங்கலாக’ என்ற வரி எங்கும் கிடையாது. விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி இருவரையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. வார்டில் நடக்கும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டில் ஒன்றை யாராவது மறந்துவிடுவதால் வருவது. போலீஸ்காரர் நோயாளியை மறந்துவிடுவார், சில நேரம் வீட்டுக்காரர்கள் கைதியை மறந்துவிட்டு, “டாக்டர் சரின்னு சொன்னா கூட்டிட்டுப் போயிரலாமா?” என்று கேட்பார்கள்.

எந்தத் தாள்?

மிகச் சாதாரணமான வகை, சிறை மருத்துவரின் பரிந்துரை. நாகர்கோவில் சிறையிலிருந்து என்றால் பெரும்பாலும் ஆசாரிபள்ளம். அங்குள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டு, பரிசோதனை, மாத்திரை, அன்றே திரும்புதல். இது ‘மாற்றம்’ ஆகாது, வெளியே கொண்டுபோய்க் காட்டுவது மட்டும்தான்.

படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை கொடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் 2017 சட்டத்தின் 103-ஆம் பிரிவு வருகிறது. சிறையின் மருத்துவப் பகுதியிலேயே மனநல வார்டு இருந்தால் அங்கே மாற்றினால் போதும். அப்படி வார்டு இல்லாத சிறை என்றால், வெளியிலுள்ள மனநல மருத்துவமனைக்கு மாற்றலாம். அதற்கு மனநல மறுஆய்வு வாரியத்தின் (நோயாளிகளின் உரிமை பற்றிய மனுக்களை விசாரிக்க அந்தச் சட்டத்தில் உள்ள அமைப்பு) முன் அனுமதி வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநலப் பிரிவு அமைத்து, அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்று அதே பிரிவு அரசுக்குச் சொல்கிறது.

விசாரணைக் கைதிக்கு வேறொரு வழியும் உண்டு. நம் பால்வெட்டுப் பையனுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். வழக்கு நடக்கும்போது, தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்பதையே புரிந்துகொள்ள முடியாத நிலையில் அவன் இருப்பதாக நீதிமன்றத்துக்குத் தோன்றினால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 367, 368-ஆம் பிரிவுகளின்படி மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லை என்றால் மருத்துவ வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியர் ஒருவரும் அதில் இருப்பார்கள்.

பரிசோதித்து, ‘இவரால் இப்போது வழக்கை எதிர்கொள்ள முடியாது’ என்று முடிவானால் 369-ஆம் பிரிவு. பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ, விட முடியாததோ, இந்தப் பிரிவின் கீழ் நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கலாம். படுக்கையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் இருக்கக் கூடாது. உறவினரோ நண்பரோ ஒருவர், ‘நான் தவறாமல் ஓ.பி. சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொறுப்பேற்க வேண்டும். அம்மையோ அண்ணனோ அந்த உறுதிமொழியைக் கொடுக்கலாம் என்பது தெரியாமலேயே பல குடும்பங்கள் ‘ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், அதுதான் பத்திரம்’ என்று விட்டுவிடுகின்றன. ஜாமீன் கொடுக்க முடியாத நிலை என்றால்தான், முறையான மனநலச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் வைக்கும்படி உத்தரவு. அதையும் 2017 சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டே போட முடியும்.

பழைய வழக்குகளின் தாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 330, 335 என்று எழுதியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அவை 369, 374 ஆகிவிட்டன. குற்றம் செய்த நேரத்தில் மனநோயால் தான் செய்வது இன்னதென்று தெரியாத நிலையில் இருந்தார் என்று நீதிமன்றம் விடுவித்தவர்களுக்கானது 374. அவரைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லலாம், அல்லது ஈடு வாங்கிக்கொண்டு உறவினரிடம் ஒப்படைக்கலாம். சட்டப்படி அவர் தண்டனைக் கைதியே அல்ல. அப்படியும் அவரை ‘கொலைக் கைதி’ என்றுதான் வார்டில் சொல்வார்கள்.

தண்டனைக் கைதிக்கு 1900-ஆம் ஆண்டின் கைதிகள் சட்டம், 30-ஆம் பிரிவு. மாநில அரசு ஆணை பிறப்பித்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பும். சட்டம் பழசு, மொழியும் பழசு. ஆனால் அதில் ஒரு நல்ல வரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் காலம் தண்டனைக் காலத்தில் சேரும். மூன்று வருடத் தண்டனையில் எட்டு மாதம் வார்டில் கழிந்தால் அந்த எட்டு மாதமும் கணக்கில் உண்டு. குணமாகிவிட்டால், தண்டனை பாக்கி இருந்தால் சிறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பாக்கி இல்லை என்றால் விடுதலை செய்ய வேண்டும்.

ஒருவரைக் கிண்டல் செய்ய ‘ஊளம்பாறைக்கு அனுப்பணும்’ என்று நம்மூரில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஊளம்பாறை என்பது திருவனந்தபுரத்தில் இருக்கும் மனநல மருத்துவமனை; இந்தப் பேச்சு திருவிதாங்கூர்க் காலத்துப் பழக்கம். 1956 நவம்பர் 1-க்குப் பிறகு அது வேறு மாநிலம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான் என்றாலும், கைதியை அங்கே மாற்றுவதென்றால் இரண்டு மாநில அரசுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே 30-ஆம் பிரிவு. நம் மாநிலத்துக்குள் பெரிய மனநல மருத்துவமனை, 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம். அது சுமார் 700 கிலோமீட்டர். கூலிவேலை செய்யும் ஒரு அம்மைக்கு அந்தத் தூரம், மகனைப் பார்க்கவே முடியாது என்பதற்குச் சமம். அதனால் வெளியூர் மாற்றம் என்ற பேச்சு வரும்போதே, ஆசாரிபள்ளத்திலோ திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வைத்துப் பார்க்க முடியாதா என்று எழுதிக் கேட்பது நல்லது.

வார்டுக்குள்

கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டுவதைத்தான் முதலில் பேச வேண்டும்.

1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குவாஹாட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கைதிகளைக் கைவிலங்கு போட்டு, நீளக் கயிற்றால் கட்டி வைத்திருந்ததை மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் பார்த்துக் கடிதம் எழுத, அதுவே மனுவாகியது. ஜன்னலுக்குக் கம்பி இருந்தது, வாசலில் ஆயுதப் போலீஸ் நின்றது, பிறகும் எதற்கு விலங்கு என்று நீதிமன்றம் கேட்டது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் விலங்கு போடக்கூடாது என்றும் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சில கடுமையான குற்றங்களில் கைவிலங்கை அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும்போதும் என்றுதான் அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் அந்தப் பட்டியலில் வரவில்லை.

இவர் மனநல நோயாளியும் என்பதால் இன்னொரு தடையும் சேர்கிறது. 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகியதைக் கண்ட மாநிலம் நம்முடையது. இந்த வரி ஏன் சட்டத்தில் இருக்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தன்னையோ பிறரையோ உடனே காயப்படுத்திவிடுவார் என்ற நிலையில் தற்காலிகமாகக் கட்டுப்படுத்துவது வேறு. அதை மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும், காரணத்தைப் பதிய வேண்டும், ஆபத்து நீங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். தண்டனையாகவோ, பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்பதற்காகவோ செய்யக்கூடாது. தனி அறையில் பூட்டி வைப்பதற்கும் இடமில்லை.

அதே 95-ஆம் பிரிவில் இன்னொன்று: மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்வுச் சிகிச்சை கூடாது. கட்டாய மொட்டையை 20-ஆம் பிரிவு தடுக்கிறது. சுத்தமான கழிப்பறை, மறைவு, கட்டாய வேலை இல்லாமை எல்லாம் அந்தப் பிரிவிலேயே வருகின்றன.

சம்மதம் என்பது கொஞ்சம் சிக்கலான இடம். 103-ஆம் பிரிவு, அந்த உத்தரவை மருத்துவமனையில் சேர்ப்பதற்குப் போதுமான அதிகாரம் என்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘இனி இவனிடம் எதையும் கேட்க வேண்டாம்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. என்ன நோய், என்ன மருந்து, பக்கவிளைவு என்ன, எந்தச் சட்டப் பிரிவில் இங்கே வைத்திருக்கிறோம், இதை எதிர்த்து வாரியத்தில் மனுக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. சொன்னதைப் புரிந்துகொண்டு, விளைவை எடைபோட்டு, தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவருக்காகப் பேச ஒரு நியமனப் பிரதிநிதியை அவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அம்மை வாசலில் நின்று கெஞ்சுவதற்கும், நியமனப் பிரதிநிதியாக டாக்டரின் அறைக்குள் உட்கார்ந்து பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இந்தத் தாளை எழுதி வாங்கிவிடுவது பிற்பாடு பல அலைச்சலை மிச்சப்படுத்தும்.

டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு. ரகசியம் காக்கும் உரிமை கைதிக்கும் உண்டு. இங்கேதான் வழிக்காவலோடு உரசல் வரும். “சார், எனக்கு எஸ்கேப் ஆயிட்டா வேலை போயிரும்” என்று காவலர் டாக்டரின் மேசையை ஒட்டியே நிற்பார். அவருடைய பயமும் பொய்யில்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அவர் நிற்கட்டும், காதுக்கு எட்டும் தூரம் எதற்கு என்பதுதான் என் கட்சி. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் பத்திரிகைக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம் (24-ஆம் பிரிவு). மறுநாள் பேப்பரில் ‘மனநலம் பாதித்த கைதி’ என்று முகத்தோடு படம் வந்தால், எடுத்தவரை மட்டுமல்ல, கொடுத்தவரையும் கேட்கலாம்.

சிறைக்குள் தற்கொலைக்கு முயன்று, அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மீது அதற்காகத் தனியாக வழக்குப் போடுவார்களோ என்று வீட்டார் பயப்படுவதுண்டு. கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே அதைக் கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு.

மறந்துபோவது

அடி, விலங்கு எல்லாவற்றையும்விட நான் பெரிதாகப் பயப்படுவது மறதிக்கு. ஆஸ்பத்திரி, ‘அவர் சிறையின் ஆள்’ என்று நினைக்கும். சிறை, ‘அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்’ என்று நினைக்கும். நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தா போகும்.

மச்சாங் லாலுங் என்ற அசாம்காரரை 1951-இல் ஒரு அடிதடி வழக்கில் பிடித்தார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் அவர் நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனை எழுதிவிட்டது. வீட்டுக்கு அனுப்பவில்லை, குவாஹாட்டி சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு விசாரணை கடைசிவரை நடக்கவேயில்லை. 2005-இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தபோது 54 வருடம் போயிருந்தது. ஹஸாரிபாக் சிறையில் குணமான பிறகும் பல்லாண்டுகள் அடைந்து கிடந்தவர்களைப் பற்றி 1982-இல் வீணா சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று 1993-இல் ஷீலா பார்சே வழக்கில் சொன்னது.

இந்த மறதிக்கு எதிராகத்தான் 103-ஆம் பிரிவில் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மனநோய் உள்ள கைதி யாரும் இந்தச் சிறையில் இல்லை என்று வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். ஒருவர் இருந்தால், ஏன் இன்னும் சிகிச்சைக்கு மாற்றவில்லை என்று வாரியம் நேரில் வந்தே கேட்கலாம். மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அங்கே வைக்கப்பட்டிருக்கும் கைதியின் மனநிலை, உடல்நிலை பற்றி, வைக்கச் சொன்ன அதிகாரிக்குத் தனி அறிக்கை அனுப்ப வேண்டும். ‘வைக்கச் சொன்ன அதிகாரி’ யார் என்பது அந்த உத்தரவில் இருக்கிறது. அதனால்தான் முதலில் அந்தத் தாள் என்றேன். அதன் நகல் கையில் இருந்தால், ‘ஆறு மாத அறிக்கை போய்விட்டதா, என்ன தேதி?’ என்று கேட்கலாம். தகவல் வராவிட்டால் நீதிமன்றத்தில் ஒரு மனு.

வழக்கை எதிர்கொள்ளும் அளவுக்கு அவர் தேறிவிட்டார் என்று சான்று வந்தால் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி வழக்கைத் தொடர வேண்டும். விசாரணைக் கைதி வார்டில் இருந்த நாட்களும் காவலில் இருந்த நாட்கள்தான். பின்னால் தண்டனை வந்தால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவின்படி அவற்றைக் கழிக்கக் கேட்கலாம். 479-ஆம் பிரிவையும் வக்கீலிடம் நினைவூட்டுங்கள்: அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, காவலில் கழிந்திருந்தால் ஜாமீன் கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

யாரிடம் போவது?

காசு கொடுத்து வக்கீல் வைக்க வழியில்லை என்றால் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனநோய் உள்ளவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட், போலீஸ், சிறை அதிகாரி ஆகியோரின் கடமை என்றே 2017 சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் என்றால் 15100. போகும்போது குற்ற எண், காவல் நிலையம், சிறையில் சேர்த்த தேதி, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருந்தால் அதுவும் கொண்டு போங்கள். கைதுக்கு முன்பே பையனுக்குச் சிகிச்சை நடந்ததற்கு ஒரு சீட்டு இருந்தால் வழக்கின் போக்கே மாறக்கூடும். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மருத்துவமனையில் உரிமை மீறப்பட்டால் பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுக்கலாம். பலன் இல்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவரோ இருந்தவரோ தலைவர். மனநல மருத்துவரோடு, மனநோயை அனுபவித்தவர்களோ பராமரிப்பவர்களோ கூட உறுப்பினர்களாக இருப்பார்கள். கட்டணம் கிடையாது. நோயாளியே மனுப் போடலாம், நியமனப் பிரதிநிதி போடலாம், நோயாளியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமும் போடலாம். வாரியத்தின் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம். நமக்கு மதுரைக் கிளை. சட்டத்தை மீறுகிறவர்களுக்கு முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 108-ஆம் பிரிவு சொல்கிறது. இதை மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும். வார்டில் வைத்துச் சத்தம் போட்டால் காரியம் கெட்டுவிடும்.

திரும்பி வரும் நாளையும் விட்டுவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் மனநல மருத்துவர் நோயாளியோடும் பிரதிநிதியோடும் குடும்பத்தோடும் பேசி அடுத்த சிகிச்சையைத் திட்டமிட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. சிறைக்கே திரும்புகிறார் என்றால் மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு சிறை மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது அவரிடமே கேளுங்கள். நேரே வீட்டுக்கு வருகிறார் என்றால் எத்தனை நாளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அடுத்து எந்தக் கிழமை ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ராத்திரி நேரத்தில் நிலைமை மோசமானால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம்.